மாலை வகுப்புக்கு யார் மார்க் போடுவது?

கேள்வி: ஐயா, கொங்குப் பகுதியில் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் பதினோரு வருடமாகக் கணிதம் எடுக்கிறேன். பி.சி.ஏ. பிள்ளைகளுக்கு அலைடு மேத்ஸ், பி.காம். பிள்ளைகளுக்கு பிசினஸ் மேத்ஸ். பாதிப் பேர் பிளஸ் டூவில் கணக்கே படிக்காதவர்கள். கல்லூரி மூன்றரைக்கு முடிந்ததும் அரியர் வைத்தவர்களை உட்கார வைத்து, ஐந்து மணி பஸ் வரை சொல்லிக் கொடுக்கிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எனக்கு நான்கு வருடம் பிந்திச் சேர்ந்த ஒருவர் எங்கள் துறையில் இருக்கிறார். வகுப்புக்கு வருவது பாதி நாள். ஆனால் மாதம் ஒரு வெபினார், வாரம் ஒரு சர்டிபிகேட், ஸ்டாஃப் குரூப்பில் தினம் ஒரு படம். போன ஆசிரியர் தினத்தில் சிறந்த ஆசிரியர் விருது அவருக்கு. மே மாதச் சம்பள உயர்விலும் அவருக்குத்தான் அதிகம். இப்போது ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளரும் அவரே. பிரின்சிபால் என்னிடம், "நீங்க நல்லாத்தான் வேலை செய்றீங்க மேடம், ஆனா வெளியில ஒண்ணும் தெரியறதில்லையே" என்றார். நிறைகுடம் தளும்பாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். இனி நானும் படம் எடுத்துப் போட ஆரம்பிக்க வேண்டுமா, இல்லை வேலையை விட்டுவிடலாமா? வகுப்புக்குப் போகவே கசக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஆதங்கம் நியாயமானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி எழுதுகிறவர்களிடம் "நீங்கள்தான் மாறிக்கொள்ள வேண்டும்" என்று ஆரம்பிக்கும் ஆலோசகர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நான் துறைத்தலைவராக இருந்தவன், பிறகு ஐ.க்யூ.ஏ.சி. பொறுப்பையும் பார்த்தவன். உங்கள் சக ஆசிரியர் இன்று உட்கார்ந்திருக்கும் நாற்காலி அது. "படம் எங்கே, சர்டிபிகேட் எங்கே" என்று கேட்கிற பக்கத்தில் இருந்ததால் சில விஷயங்களை உங்களுக்கு உடைத்துச் சொல்ல முடியும்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி பிரின்சிபால் சொன்னதுதான். "வெளியில ஒண்ணும் தெரியறதில்லையே." நீங்கள் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது தகவலாகப் படுகிறது. உங்கள் கல்லூரி எதற்குக் காசு கொடுக்கிறது என்பதை அவர் ஒரே வரியில், அநேகமாக யோசிக்காமலே, சொல்லிவிட்டார்.

நிர்வாகம் ஏமாந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை அம்மா, அவர்கள் ஏமாறவில்லை. சுயநிதிக் கல்லூரியில் உங்கள் சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது. கட்டணம் வர அட்மிஷன் வேண்டும். மே, ஜூன் மாதங்களில் ஊர் முழுக்கக் கட்டும் ஃப்ளெக்ஸிலும் கல்லூரி பஸ்ஸின் பின்பக்கத்திலும் பெரிய எழுத்தில் போட, கல்லூரிகளுக்குத் தரம் போடும் 'நாக்' அமைப்பின் கிரேடு வேண்டும். பெற்றோர் ஃபேஸ்புக்கில் தேடினால் நாலு விழா, நாலு கருத்தரங்கு கண்ணில் பட வேண்டும். உங்கள் சக ஆசிரியர் அந்தச் சரக்கைத் தயாரித்துத் தருகிறார், நிர்வாகம் அதற்கு விலை கொடுக்கிறது. அவர் வகுப்புக்குப் பாதி நாள்தான் வருகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? தெரியும். அந்தப் பாதி நாளுக்கு அவர்கள் போடும் விலை குறைவு, அவ்வளவுதான்.

இது உங்கள் கல்லூரி மட்டும் கண்டுபிடித்த விநோதமும் இல்லை. மேலிருந்து வரும் அச்சே அப்படி. பெங்களூரில் 1994-ல் 'நாக்' தொடங்கப்பட்டபோது குழு நேரில் வந்து பார்ப்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது. 2017-ல் முறையை மாற்றினார்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதி இணையத்தில் ஏற்றும் எண்களுக்கும் ஆவணங்களுக்கும் போய்விட்டது. குழு நேரில் பார்த்துப் போடுவது மிச்சம்தான். மாற்றியதற்குக் காரணமும் இருந்தது. குழுவை எப்படியெல்லாம் கவனித்துக்கொள்வார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அதைக் குறைக்கத்தான் எண்ணுக்கு மாறினார்கள். ஆனால் எண்ணுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றால் கடிதம், கையெழுத்து, வருகைப் பட்டியல், அப்புறம் இடக்குறியிட்ட படம்.

அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று நீங்களே நூறு முறை பார்த்திருப்பீர்கள். வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கதவைத் தட்டுவார். "ஒரு நிமிஷம் மேடம்." கரும்பலகையில் பாதியில் நிற்கும் கணக்கை மறைத்து ஒரு பேனர் பிடிக்கப்படும். கடைசி பெஞ்சுக்காரர்கள் முன்னால் வர வேண்டும், கூட்டம் நிறைவாகத் தெரிய வேண்டுமே. போனில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், கூடவே ஒரு குட்டி வரைபடம், எல்லாம் படத்தின் அடியில் வந்து விழும். சிறப்பு விருந்தினர் அதற்குள் காருக்குப் போயிருப்பார். ஃபைலைப் பொறுத்தவரை அங்கே ஒரு மணி நேரக் கருத்தரங்கு நடந்து முடிந்தது. கணக்கைப் பாதியில் விட்ட நீங்கள் அந்த ஃபைலில் எங்கும் இல்லை.

ஆசிரியரை அளக்கும் முறையிலும் இதே கதைதான். 2010-ல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) புள்ளிக் கணக்கைக் கொண்டு வந்தது. கருத்தரங்குக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு என்று. அதன்பின் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்தன. 2018-ல் விதியைத் திருத்தினார்கள். திருத்திய விதியில் கல்லூரி ஆசிரியரின் கற்பித்தலை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்திருந்தால் 'நன்று'. 70-க்கு மேல், 80-க்குள் என்றால் 'திருப்தி'. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஏதாவது புரிந்ததா என்பதற்கு அந்த வரியில் இடமே இல்லை. உங்கள் கல்லூரி இந்த விதியை அப்படியே பின்பற்றாமல் இருக்கலாம். பெரும்பாலான சுயநிதிக் கல்லூரிகள் சொந்தமாக ஒரு படிவம் வைத்திருக்கின்றன. ஆனால் எல்லாப் படிவங்களும் இந்த வார்ப்பில் வந்தவைதான்.

ஸ்டீவன் கெர் என்ற அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் 1975-லேயே இதைப் பற்றி எழுதினார். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் நிறுவனங்களைப் பட்டியலிட்டவர், பல்கலைக்கழகத்தையும் அதில் சேர்த்தார். பேராசிரியர்கள் நன்றாகப் பாடம் நடத்த வேண்டும் என்று சமூகம் ஆசைப்படுகிறது, பரிசை ஏறக்குறைய முழுவதும் ஆய்வுக்கும் வெளியீட்டுக்கும் கொடுக்கிறது என்றார். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. நம் ஊரில் ஆய்வின் இடத்தில் வெபினார் வந்திருக்கிறது.

உங்கள் சக ஆசிரியரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று உங்களுக்குப் பிடிக்காது.

பிடிக்காததை முதலில் சொல்கிறேன். அவர் முழுப் பொய்யராக இருக்க வேண்டியதில்லை. ராஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் தம்பதிகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, சமையல், பாத்திரம் கழுவுவது போன்ற வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வீடுகளில் நூற்றைத் தாண்டியது. சண்டையைத் தொடங்குவது யார் என்ற கேள்வியிலும்கூட அவரவர் தன் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள். தான் செய்தது தனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மற்றவர் செய்தது நினைவில் தங்குவதில்லை. உங்கள் சக ஆசிரியரிடம் கேட்டால், "டிபார்ட்மென்ட்டே என் தோளில்தான் நிற்கிறது" என்பார், மனதார நம்பியும் சொல்வார். நாக் ஃபைல், ஆண்டறிக்கை, ஐந்து வருடப் புள்ளிவிவரம் எல்லாம் திரட்டுவது லேசான வேலை இல்லை. நான் செய்திருக்கிறேன், கண் போய்விடும். அவர் அதைச் செய்கிறார் என்றால் அதுவும் வேலைதான்.

இரண்டாவது, அவர் வராத வகுப்புகள். அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நீங்கள்தான் போய் நிற்கிறீர்கள் என்று. "பாவம் பசங்க, சும்மா உட்கார்ந்திருக்காங்க" என்று போயிருப்பீர்கள். அப்படியானால் இன்றோடு ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்று வகுப்புப் பதிவேட்டில் எழுதாமல் எந்த வகுப்புக்கும் போகாதீர்கள். அவர் கையெழுத்து, உங்கள் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து. இது புகார் கிடையாது, நடைமுறை. யாரும் தப்புச் சொல்ல முடியாது. எழுதாமல் போனால் அந்த வகுப்பும் அவர் எடுத்ததாகத்தான் கணக்கில் ஏறும், அவருக்கு 80 விழுக்காடு வந்துவிடும்.

இதற்கு மேல் அவரை மறந்துவிடுங்கள். அவரைப் பற்றி மேலே போய்ச் சொன்னால் பொறாமை என்ற ஒரே சொல்லில் உங்கள் பதினோரு வருடத்தையும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

சரி, நிறைகுடத்துக்கு வருவோம். அந்தப் பழமொழியை நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பையன்களுக்கு 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று வேறு பழமொழி வைத்திருந்தார்கள். விளைவு என்ன என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன், கணக்கு டீச்சரான உங்களுக்குப் பிடிக்கும். கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கணிதம், அறிவியல் கேள்விகள் அடங்கிய ஒரு தேர்வு வைத்தார்கள். பிறகு, 'நான் நன்றாகச் செய்தேன்' என்பதற்கு நூற்றுக்கு எவ்வளவு போட்டுக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். ஆண்கள் சராசரியாக 61 போட்டுக்கொண்டார்கள். அதே அளவுக்குச் செய்திருந்த பெண்கள் 46. தேர்வில் உண்மையாக எத்தனை சரி என்று சொல்லிவிட்டுக் கேட்டபோதும் இடைவெளி போகவில்லை. அந்த ஆய்வு 2022-ல் வெளியானது. உங்கள் கல்லூரியின் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். "ஒதுக்கப்பட்ட பாடங்களை நடத்தினேன்" என்ற ஒரு வரிக்கு மேல் இருந்தால் நான் ஆச்சரியப்படுவேன். மாலை வகுப்பு அதில் இருக்கவே இருக்காது. யாரும் கேட்கவில்லை, அதனால் நீங்கள் எழுதவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பருவத் தேர்வில் ஒரு மாணவன் பத்து மதிப்பெண் கணக்குக்கு விடையை மட்டும் எழுதிவிட்டு ஒரு ஸ்டெப்பும் போடாமல் வைத்தால் முழு மதிப்பெண் கொடுப்பீர்களா? மனதுக்குள் போட்டுவிட்டேன் மேடம் என்றால் விடுவீர்களா? பிரின்சிபால் திருத்தும் இடத்தில் இருக்கிறார், நீங்கள் ஸ்டெப் எழுதாமல் கொடுத்துவிட்டுக் கோபித்துக்கொள்கிறீர்கள். தம்பட்டம் அடிப்பது என்றால் செய்யாததைச் செய்ததாகவும் பத்தை நூறாகவும் சொல்வது. செய்ததைத் தேதியோடு எழுதி உரிய இடத்தில் கொடுப்பதை எந்தக் கணக்கிலும் தம்பட்டத்தில் சேர்க்க முடியாது.

இன்னொரு வேடிக்கை. உங்கள் மாலை வகுப்பு கல்லூரிக்கு எவ்வளவு தேவையானது என்பது உங்களுக்கே தெரியவில்லை. 2017-ல் வந்த முறையில் நாக் அளவுகோல்கள் ஏழு. இரண்டாவது, கற்பித்தல், கற்றல், மதிப்பீடு. அதில் மாணவர்களின் கற்றல் நிலையைக் கண்டறிந்து, பின்தங்கியவர்களுக்குக் கல்லூரி தனியாக என்ன செய்தது என்ற கேள்வி வெகுகாலமாக இருந்து வருகிறது. தேர்ச்சி விழுக்காடும் அதே அளவுகோலில்தான் வருகிறது. 'ஸ்லோ லேர்னர்' ஃபைலுக்காக, நாக் விசிட்டுக்கு முந்தைய மாதம் உட்கார்ந்து நடக்காத வகுப்புக்குப் பின்தேதியிட்டு வருகைப் பதிவு எழுதும் கல்லூரிகள் உண்டு. நடக்கிற வகுப்புக்குப் பதிவே இல்லாத கல்லூரி உங்களுடையது!

அதனால் இதைச் செய்யுங்கள். ஜூனில் ஆட் (ஒற்றைப்படை) செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தில் பதினைந்து கேள்வி கொடுங்கள். அலைடு மேத்ஸ் பாடத்திலிருந்து வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்கு. உங்களுக்கே தெரிந்திருக்கும், அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறு கண்டுபிடிக்கச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் தவறுவது அணியில் இல்லை. முறையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். குறி மாற்றிப் போடுவதுகூடச் சரியாக இருக்கும். உள்ளே போய் −4 − (−6) என்று வரும் இடத்தில் −10 என்று எழுதுவார்கள். அங்கே போன கணக்கு அப்புறம் எங்கேயும் திரும்பி வராது. ஐந்து மதிப்பெண்ணும் போச்சு, தனக்குக் கணக்கு வராது என்ற முடிவும் ஆச்சு. மாலையில் நீங்கள் சொல்லிக் கொடுப்பதில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தப் பதினைந்து கேள்வியில் யார் எங்கே தடுக்கினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். செமஸ்டர் முடிவில் அதே மாதிரி இன்னொரு பதினைந்து. பல்கலைக்கழக முடிவு வந்ததும் அதை மூன்றாவது கட்டத்தில் எழுதுங்கள். இவ்வளவுதான் ஃபைல். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, மொத்தம் இரண்டு மூன்று தாள்.

ஒரு எச்சரிக்கை. மாலை வகுப்புக்கு வந்தவர்கள் தேறினார்கள், வராதவர்கள் தேறவில்லை, ஆகவே என் வகுப்புதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். வருகிற பிள்ளைக்கு ஏற்கெனவே ஆர்வம் இருக்கும், வராதவன் வேலைக்குப் போகிறவனாக இருப்பான். யார் என்ன மதிப்பெண்ணில் ஆரம்பித்து எங்கே வந்தார்கள் என்று மட்டும் காட்டுங்கள். உங்கள் கணக்கை யாராவது தோண்டிப் பார்த்தாலும் நிற்க வேண்டும். உங்கள் சக ஆசிரியரின் ஃபைலுக்கு இல்லாத பலம் அது ஒன்றுதான், அதை விட்டுவிடாதீர்கள்.

தாளைத் துறைத்தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பிரின்சிபாலுக்கும் ஐ.க்யூ.ஏ.சி.க்கும் நகல் போடுங்கள். கையில் கொடுக்காதீர்கள், ஸ்டாஃப் குரூப்பிலும் போடாதீர்கள். ஒருங்கிணைப்பாளராக அவர் இதை எடுத்துத் தன் அறிக்கையில் சேர்ப்பார், சேர்க்க வேண்டியது அவர் வேலை. ஆனால் வகுப்பு எடுத்தவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பது மின்னஞ்சலில் இருக்கும். நாளை அந்தத் தாளைக் கேட்டு அவரே உங்கள் மேசைக்கு வருவார். கொடுங்கள், இழுத்தடிக்காதீர்கள். யாரிடம் சரக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

அடுத்தது, பிரின்சிபாலிடம் நேரில் பேசுவது. இதைத்தான் நீங்கள் தள்ளிப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மே மாதம் சம்பள உயர்வு முடிவான பிறகு போய் வருத்தப்பட்டால் பயன் இல்லை, ஜூனிலேயே போக வேண்டும். மனக்குறையாகச் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும், அவருக்குப் புரிகிற கணக்கில் சொல்லுங்கள். முதல் வருடத்தில் மூன்று நான்கு அரியர் விழுந்த பிள்ளை இரண்டாம் வருடம் வராமலே நின்றுவிடுவது நீங்கள் பார்த்ததுதான். அந்த இடத்தை யாரைக் கொண்டும் நிரப்ப முடியாது, இரண்டு வருடக் கட்டணம் போகிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், போன வருஷம் அலைடு மேத்ஸ்ல பெயிலாகி செகண்ட் இயர் வராம நின்னுட்ட பசங்க லிஸ்ட் ஆபீஸ்ல வாங்கியிருக்கேன். சாயங்கால கிளாஸ்ல உட்கார்ந்து அரியர் கிளியர் பண்ணின பசங்க லிஸ்ட் இது. இந்த கிளாஸை டைம்டேபிள்ல ஏத்தி ஒரு ஆர்டர் போட்டுக் கொடுத்தீங்கன்னா ஐ.க்யூ.ஏ.சி.க்கும் ஆகும், எனக்கும் ஒர்க்லோடுல சேரும். அப்புறம் சார், இந்த வருஷம் இன்க்ரிமென்ட்டுக்கு எதையெல்லாம் பார்ப்பீங்கன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா நானும் அதுக்குத் தகுந்த மாதிரி செய்வேன்."

பிள்ளைகளின் படிப்பைக் கட்டணக் கணக்காகப் பேசுவதா என்று கூச்சமாக இருக்கும். பேசுங்கள். கட்டணம் போவதைத் தடுப்பதும் பிள்ளை படித்துத் தேறுவதும் இந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது, எப்போதும் அப்படிச் சேராது. ஒர்க்லோடு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்பது யு.ஜி.சி. கணக்கு. உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே அதைத் தாண்டியிருப்பார்கள். அதற்கும் மேலே மாலை வகுப்பைத் தருமக் கணக்கில் எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்?

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வகுப்பு அதிகாரப்பூர்வமாகிவிட்டால் பேனரும் படமும் அதையும் தேடி வரும். தானாக வந்த பிள்ளைகள் கட்டாயத்துக்கு வருவார்கள், சிலர் வராமல் போவார்கள். வருகைப் பட்டியலும் செமஸ்டருக்கு ஒரு படமும் போதும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். படம் எடுக்க வேண்டிய நாளிலும் பலகையில் கணக்கு இருக்கட்டும், பேனர் வேண்டாம். பலகை தெரிகிற படம்தான் உண்மையில் நல்ல ஆதாரமும்கூட.

அவர் செய்வதையெல்லாம் நீங்களும் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். கூகுள் படிவத்தை நிரப்பினால் வந்து விழும் இ-சர்டிபிகேட், பதிவுக் கட்டணம் கட்டினால் கிடைக்கும் 'சிறந்த ஆசிரியர்' விருது, மூன்று நாளில் கட்டுரையை ஏற்கும் ஆய்விதழ், இந்தப் பக்கமே போகாதீர்கள். ஆய்விதழ்களைச் சலிக்க யு.ஜி.சி. 'கேர்' என்று ஒரு பட்டியலைக் கொண்டு வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டுவிட்டது. இனி எது தரமானது என்று பார்ப்பது அந்தந்தக் கல்லூரியின் பாடு. நேர்முகத் தேர்வுக் குழுவில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்தக் கட்டுரைகள் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். உருப்படியான ஒன்று வேண்டுமென்றால், பிளஸ் டூவில் கணிதம் படிக்காத பி.சி.ஏ. மாணவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று உங்களிடம் சேரும் தாள்களை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம். இரண்டு வருடத் தாள் சேர்ந்த பிறகு.

வேலையை விடுவது பற்றி. இந்தக் கோபத்தில் விட வேண்டாம், ஒரு முழுக் கல்வியாண்டு இந்தத் தாள்களோடு பாருங்கள். இதெல்லாம் செய்தாலும் அடுத்த மே மாதம் அவருக்கு நிகராக உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஃபிரெட் லூதன்ஸ் என்பவர் அமெரிக்க மேலாளர்களைக் கவனித்து 1988-ல் ஒரு ஆய்வு எழுதினார். வேகமாகப் பதவி உயர்ந்தவர்கள் தங்கள் நேரத்தில் 48 விழுக்காட்டை ஆட்களைப் பழகி வைத்துக்கொள்வதில் செலவழித்தார்கள். தங்கள் பிரிவில் வேலை நன்றாக நடக்கும்படி, கீழே இருப்பவர்கள் திருப்தியாக இருக்கும்படி நடத்தியவர்கள் அதற்குச் செலவழித்தது 11 விழுக்காடு. இரண்டிலும் மேலே இருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கம்பெனி மேலாளர்களைப் பற்றிய ஆய்வுதான், ஆனாலும் கல்லூரி வராந்தாவில் நடந்து பழகிய எவருக்கும் இந்த எண்கள் அந்நியமாகப் படாது.

ஆகவே சம்பள உயர்வை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வகுப்புக்கு ஆர்டர் போட்டுக் கொடுத்தார்களா, மாலையில் அறையைப் பூட்டாமல் விட்டார்களா, முடிவு அலசும் கூட்டத்தில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்களா என்று பாருங்கள். இதில் ஒன்றிரண்டு நடந்தால் இருக்கலாம். தாளையும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு, ஒர்க்லோடில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கவில்லை என்றால் கிளம்புங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கிளம்புவதற்கான ஆயத்தத்தை இன்றே தொடங்கிவிடுங்கள், இருந்தாலும் போனாலும் அது வீணாகாது. ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரி அலமாரியில் இருக்கின்றனவா? இருந்தால் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் திரும்ப வாங்கி வையுங்கள். சரிபார்த்துவிட்டுத் தந்துவிட வேண்டியவற்றைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் முடித்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. முடிக்கவில்லை என்றால் வெபினாருக்குச் செலவாகும் சனிக்கிழமைகள் அதற்குப் போகட்டும். அரசுக் கல்லூரி வேலைக்கான டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த பிறகு அனுபவச் சான்றிதழுக்கு அலைந்தால் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் மேலொப்பத்துக்கு நீண்ட வரிசை நிற்கும். இந்த வருடம் வரையிலான சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். விலகுவது என்று முடிவானால் ஏப்ரல் தேர்வு முடிந்து விலகுங்கள், அரியர் பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வந்தால் உங்களுக்குத்தான் தூக்கம் வராது.

கடைசியாக எழுதியிருந்தீர்களே, வகுப்புக்குப் போகவே கசக்கிறது என்று. விருதைவிட, இன்க்ரிமென்ட்டைவிட எனக்குக் கவலை தருவது அதுதான். கசப்பு மூன்றரைக்குப் பிறகும் இருக்கிறதா, காலையில் மட்டுமா என்று கவனித்துப் பாருங்கள். மாலையில் ஒரு பிள்ளை குறியைச் சரியாகப் போடும்போது அது மறைகிறது என்றால் உங்களுக்கும் கற்பிப்பதற்கும் நடுவில் ஒன்றும் கெடவில்லை, கெட்டது ஸ்டாஃப் ரூமோடு உள்ள உறவுதான். அப்படியானால் ஸ்டாஃப் குரூப்பை மௌனத்தில் போடுங்கள். சுற்றறிக்கை வந்ததா என்று காலையில் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை பார்த்தால் போதும். அவர் படங்களுக்குக் கைதட்டும் பொம்மை போடும் கடமையும் உங்களுக்கு இல்லை. மாலையிலும் அதே கசப்புதான் என்றால் இது கல்லூரியோடு நிற்கும் விஷயமில்லை. இரண்டு மாதம் மாலை வகுப்பை நிறுத்திவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்குப் போங்கள். நிறுத்தினால் யாராவது கேட்கிறார்களா என்றும் தெரிந்துவிடும்.

ஜூனில் பிரின்சிபாலைப் பார்த்த பிறகு எழுதுங்கள். அவர் ஆர்டர் போட மறுத்தால், துறைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டு வர ஒரு வழி இருக்கிறது, அதற்கான வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.